11,000 வோல்ட் பார்த்தவரின் 12 வோல்ட் வண்டி

ராமேஸ்வரத்தில் இரண்டாம் நாள் இரவு, மணி இரண்டரை இருக்கும். வண்டிக்குள் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது. இன்வெர்ட்டர் கீச்சுக் கீச்சென்று கத்தியது. விடியற்காலையில் சித்தி ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். விளக்கு எரியவில்லை, மறுநாளைக்கு வைத்திருந்த தோசை மாவு பொங்கி வழிந்திருந்தது. மே மாதம், நாள் முழுக்க வெயில் கொளுத்திய ஊர், வண்டிக் கூரையில் சோலார் பேனல். அப்படி இருந்தும் கரன்ட் இல்லை.

காலை ஆறு மணிக்கு எனக்குப் போன் வந்தது. "பேட்டரிக்காரன் ஏமாத்திட்டான்டா. எட்டு மாசந்தான் ஆச்சு. ரெண்டும் அவுட்."

சித்தப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 11,000 வோல்ட் கம்பத்தில் ஏறி இறங்கியே முப்பது வருடம் ஓட்டியவர். ஓய்வுபெற்றதும் பழைய வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டில், சிங்க், அலமாரி எல்லாம் வைத்து, கோயில் கோயிலாக சித்தியோடு சுற்றக் கிளம்பினார். தச்சு வேலைக்கு மட்டும் ஆள் வைத்தார். ஒயரிங் முழுக்கத் தன் கையாலேயே செய்தார். "எனக்கா கத்துத் தரணும்?" என்று கேட்டதால் நானும் தலையிடவில்லை. இன்வெர்ட்டர், சோலார் வேலைதான் என் பிழைப்பு. முதலிலேயே ஒரு முறை எட்டிப் பார்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

வண்டியில் இருந்தவை

150 ஆம்பியர் மணி (பேட்டரியில் எவ்வளவு கரன்ட் அடங்கும் என்ற அளவு) டியூபுலர் பேட்டரி இரண்டு, வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற வகை, இணையாகக் கட்டப்பட்டவை. 850 விஏ ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். கூரையில் படுக்கை வசமாக ஒரு 335 வாட் பேனல். அதற்குக் கடையில் கொடுத்த விலை குறைந்த பிடபிள்யூஎம் சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்துவது). வண்டி ஓடும்போது சார்ஜ் ஆக, ஆல்டர்னேட்டரிலிருந்து (மெக்கானிக்குகளுக்கு அது டைனமோ) பின்பக்க பேட்டரிக்கு ஒரு ரிலே (தானாக மூடித் திறக்கும் சுவிட்ச்) வழியாக 4 ஸ்கொயர் எம்எம் ஒயர். 230 வோல்ட்டில் ஓடும் சின்ன ஃப்ரிட்ஜ், 55 வாட் சுவர் ஃபேன், எல்இடி விளக்குகள், மிக்ஸி.

பட்டியலைப் பார்த்தால் குறை சொல்ல எதுவும் தெரியாது. பேட்டரி 300, பேனல் 335, போதாக்குறைக்கு ஓடும் வண்டியின் சார்ஜ் வேறு. இதே பட்டியலோடு ஓடுகிற வண்டிகள் நிறைய இருக்கின்றன.

அவர்கள் ஊர் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்டர்களை எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் பேட்டரி

இரண்டையும் பிரித்துவிட்டு, ஓர் இரவு சும்மா விட்டு, காலையில் அளந்தேன். ஒன்று 11.9 வோல்ட், மற்றொன்று 12.2. ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் முதல் பேட்டரியின் ஐந்து செல்கள் 1150 பக்கம் நின்றன, ஆறாவது 1090. இரண்டாவது பேட்டரி 1190. நிறைந்த டியூபுலர் 1240 காட்ட வேண்டும்.

இங்கே ஒரு விஷயம். 12 வோல்ட் பேட்டரி நிறைந்தால் 12.7 காட்டும் என்று பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். கார் பேட்டரிக்கு அது சரி. நம் ஊர் டியூபுலரில் ஆசிட் சற்று நீர்த்தது; ஓய்வில் 12.5 காட்டினாலே அது நிறைந்த பேட்டரி. கணக்கு எளிது: கிராவிட்டியோடு (ஹைட்ரோமீட்டர் காட்டும் எண்ணை ஆயிரத்தால் வகுத்தது) 0.84 கூட்டினால் ஒரு செல்லின் வோல்ட், அதை ஆறால் பெருக்கினால் பேட்டரியின் வோல்ட். 1.240-க்கு 12.48 வரும். அப்படியானால் 12.5-க்கும் காலி என்று சொல்லத்தக்க 11.8-க்கும் நடுவில் இருப்பது வெறும் 0.7 வோல்ட். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவின் வண்டியில் நடந்த அத்தனைக்கும் காரணம் இதற்குள் இருக்கிறது.

இரண்டு பேட்டரியும் ஒரே நாளில் வாங்கியவை. அப்புறம் ஏன் ஒன்று மட்டும் அதிகமாகக் கெட்டது? பிளஸ், மைனஸ் இரண்டையும் முதல் பேட்டரியிலிருந்தே எடுத்திருந்தார். இரண்டாவதற்கு நடுவில் துண்டு ஒயர். அந்தத் துண்டின் சின்னத் தடையே போதும், முதல் பேட்டரி எப்போதும் கூடுதலாக உழைக்கும். பிளஸை முதல் பேட்டரியிலிருந்தும் மைனஸைக் கடைசி பேட்டரியிலிருந்தும் குறுக்காக எடுத்திருந்தால் சுமை சமமாகியிருக்கும். ஒரு பைசா செலவில்லாத வேலை.

ஆனால் இரண்டுமே சாகக் காரணம் அது இல்லை. செல்களுக்குள் தகடுகளில் வெள்ளை படிந்திருந்தது. நீண்ட நாள் அரைகுறை சார்ஜில் கிடந்த ஈய பேட்டரிக்கு வருகிற நோய், சல்ஃபேஷன். பேட்டரிக்காரர் ஏமாற்றவில்லை. எட்டு மாதமாக அந்த இரண்டையும் பட்டினி போட்டிருக்கிறோம்.

டாங் டெஸ்டர் சைபர் காட்டியது

சித்தப்பா சும்மா இருந்தவர் இல்லை. அவரும் அளந்திருக்கிறார். "பேனல்ல இருந்து ஒண்ணுமே வரலடா. டாங் டெஸ்டர்ல சைபர்தான்." ஒயரைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் தன் பழைய டாங் டெஸ்டரை எடுத்துக் காட்டினார். நல்ல கம்பெனி, இன்றும் துல்லியமாக வேலை செய்வது. ஆனால் அது ஏசிக்கானது, அதாவது வீட்டுக் கரன்ட் போல் திசை மாறி மாறி ஓடுவதற்கு. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தைத்தான் அதற்குள் இருக்கும் சுருள் உணரும். பேட்டரி, பேனல் போல் ஒரே திசையில் ஓடும் டிசி ஒயரில் நூறு ஆம்பியர் போனாலும் சைபர்தான் காட்டும். டிசியை அளக்க ஹால் சென்சார் உள்ள கிளாம்ப் மீட்டர் வேண்டும். என்னுடையதை மாட்டினேன். நண்பகல் பன்னிரண்டு, மேகமே இல்லை: 8.1 ஆம்பியர்.

பேட்டரி அப்போது 13.2 வோல்ட். பெருக்கினால் 107 வாட். 335 வாட் பேனலிலிருந்து 107 வாட்!

இதுதான் முதல் பெரிய ஓட்டை. அந்த பேனல் 72 செல் கொண்டது. வீட்டுக் கூரைக்கு என்று செய்தது. அது தன் முழுத் திறனை சுமார் 38 வோல்ட்டில், 8.8 ஆம்பியரில்தான் தரும். பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் ஒரு வேகமான சுவிட்ச், அவ்வளவுதான். பேனலைப் பேட்டரியோடு நேராகச் சேர்த்து, அதன் வோல்ட்டைப் பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துவிடும். ஆம்பியர் அதே எட்டு சொச்சம். மீதி 25 வோல்ட் யாருக்கும் பயன்படாமல் போகிறது. 36 செல் பேனலாக இருந்தால் இழப்பு கால்வாசியோடு நின்றிருக்கும். இங்கே மூன்றில் இரண்டு பங்கு.

வாட்டுக்கு வாட் விலை குறைவு என்பதால் எல்லோரும் பெரிய வீட்டு பேனலைத்தான் வண்டியில் ஏற்றுகிறார்கள். அது தவறில்லை. பேனலின் கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலர் இல்லாமல் ஏற்றுவதுதான் தவறு.

இதோடு முடியவில்லை. வண்டி வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும். உள்ளே சூடாகக் கூடாது என்று சித்தியின் ஏற்பாடு. இந்த வகை பேனலுக்குள் செல்கள் மூன்று பிரிவாக இருக்கும். ஒரு கிளையின் நிழல் ஒரு செல்லில் விழுந்தாலும் அந்தப் பிரிவு முழுக்க விலகிக்கொள்ளும். அதோடு, ஃப்ரிட்ஜை அணைத்துவிட்ட சித்தப்பா இன்வெர்ட்டரை அணைக்கவில்லை. ஒரு சுமையும் இல்லாமல் அது 14 வாட் தின்றது. பார்க்க அற்பம். 24 மணி நேரத்தில் 336 வாட் மணி, அதாவது 27 ஆம்பியர் மணி. நல்ல வெயிலிலேயே பேனல் தந்தது நாளுக்கு 40-தான். நிழல் கழித்து, இன்வெர்ட்டர் தின்றது போக, பேட்டரிக்குப் போனது என்ன? ஊரில் நிற்கும் நாட்களில் நிறைந்துவிடும் என்று நம்பிய பேட்டரி ஒரு நாள்கூட நிறையவில்லை.

ஒயர்

இந்த இடத்தில்தான் சித்தப்பாவுக்கும் எனக்கும் வாக்குவாதம்.

"நாலு ஸ்கொயர்ல 25 ஆம்ஸ் தாராளமா போகும். நான் எத்தனை வீட்டுக்கு இழுத்திருக்கேன்!"

போகும்தான். ஒயர் சூடாகி உருகாது. அவர் கேட்ட கேள்விக்கு அது சரியான விடை. ஆனால் 12 வோல்ட்டில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வழியில் எவ்வளவு வோல்ட் விழுகிறது?

தாமிரத்துக்குக் கணக்கு இது. ஆம்பியரை, போக வர மொத்த மீட்டரால் பெருக்கி, 0.0172-ஆல் பெருக்கி, ஒயரின் ஸ்கொயர் எம்எம்மால் வகுக்க வேண்டும். ஆல்டர்னேட்டரிலிருந்து பின்பக்கம் 6 மீட்டர், திரும்பி வர 6. நாலு ஸ்கொயரில் 20 ஆம்பியர் போனால் 1.03 வோல்ட் வழியிலேயே விழும். முன்பக்கம் 14.2 இருந்தால் பின்பக்கம் 13.2. ஈய பேட்டரி நிறைய 14.4 அளவுக்கு வேண்டும், 13.2-ல் அது சார்ஜை வாங்கவே தயங்கும். என்ஜினை ஓடவிட்டு அளந்தேன். முதல் சில நிமிடங்கள் 18 ஆம்பியர் காட்டியது, பிறகு இறங்கி 6-ல் நின்றது. ராமேஸ்வரத்துக்கு ஐந்தரை மணி நேரம் ஓட்டிப்போய் அவர்கள் சேர்த்தது 33 ஆம்பியர் மணி.

230 வோல்ட்டில் ஒரு வோல்ட் விழுந்தால் அரை சதவீதம்கூட இல்லை. யாரும் கவனிக்க மாட்டார்கள். 12-ல் அது எட்டு சதவீதம். அதைவிட முக்கியம், முன்பு சொன்ன அந்த 0.7. பேட்டரி நிறைந்திருப்பதற்கும் காலியாவதற்கும் உள்ள வித்தியாசத்தைவிட அதிகமாக ஒயரே தின்றுவிடுகிறது.

அதை நேரில் காட்ட மிக்ஸியை ஓடவிட்டேன். 500 வாட் மிக்ஸி. பேட்டரியிலிருந்து 52 ஆம்பியர் போனது. இன்வெர்ட்டர் மூன்று மீட்டர் தள்ளி, 6 ஸ்கொயர் ஒயரில். பேட்டரி முனையில் 11.5 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் 10.6. உடனே அது கத்த ஆரம்பித்தது. பேட்டரியில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது; இன்வெர்ட்டருக்குத் தெரிந்ததெல்லாம் செத்த பேட்டரிதான்.

இதைக் கண்டுபிடிக்க என் மாதிரி ஆள் தேவையில்லை. சாதா மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸிலும், மறுமுனையைச் சாதனத்தின் பிளஸிலும் வைத்து, சாதனம் ஓடும்போது பாருங்கள். காட்டுகிற வோல்ட் அந்த வழியில் தொலைவது. மைனஸ் பக்கமும் அப்படியே. இரண்டும் சேர்ந்து கால் வோல்ட்டைத் தாண்டினால் ஒயர் மெலிது, அல்லது எங்கோ ஒரு லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது) சரியாக நசுக்கப்படவில்லை. மீட்டர் இல்லையா, அரை மணி நேரம் ஓடவிட்டு ஒவ்வொரு 12 வோல்ட் இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இடத்தில் காசு போய்க்கொண்டிருக்கிறது. 12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது, அதனால் பயமில்லை. தொடுவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் மோதிரமோ ஸ்பேனரோ மாட்டினால் ஆயிரம் ஆம்பியர்கூடப் பாயும். உலோகம் பழுக்கும், விரல் போகும். ஷாக் அடிக்காது என்பதாலேயே 12 வோல்ட்டை அலட்சியமாக நினைக்கிறார்கள்.

அந்த வண்டியில் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியவை இரண்டு. பேட்டரியிலிருந்து நாலு மீட்டர் தள்ளி, அழகான ஃபியூஸ் பாக்ஸ். அந்த நாலு மீட்டருக்கும் பாதுகாப்பே இல்லை. கட்டிலுக்கு அடியில், தகரத்தின் ஓரத்தை உரசிக்கொண்டு போன ஒயர். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். சீல் செய்யப்படாத டியூபுலர் பேட்டரி படுக்கைக்கு அடியில் இருந்ததும் அப்படித்தான். சார்ஜ் ஏறும்போது வருகிற ஹைட்ரஜன் காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தாலே பற்றும். முழு சார்ஜ் ஏறாததால்தான் இத்தனை நாள் தப்பித்தார்கள் என்று சொன்னேன். சித்தப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

செலவுக் கணக்கு

ஃப்ரிட்ஜை பிளக் மீட்டரில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தோம்: 0.7 யூனிட். ஃபேன் ஒன்பது மணி நேரத்துக்கு அரை யூனிட். விளக்கு, போன் எல்லாம் 0.1. மொத்தம் 1.3. இன்வெர்ட்டரின் சொந்தத் தீனியும் மாற்றுவதில் போகும் இழப்பும் சேர்ந்து பேட்டரியிலிருந்து நாளுக்கு 143 ஆம்பியர் மணி. வரவு 40, ஓட்டுகிற நாளில் கூடுதலாக 33. ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால் 300-ல் கைக்கு வருவது 150. அதுவும் புதிதாக இருந்தால், நிறைந்திருந்தால். இரண்டாம் இரவு இரண்டரை மணி வரை ஓடியதே அதிகம்.

மாற்றியது

வரவைக் கூட்டுவதற்கு முன் செலவில் கை வைத்தோம். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதில் ஃபேன் ஓட்டுவதில் அர்த்தமே இல்லை. 12 வாட் டிசி ஃபேன் இரண்டு, கட்டிலுக்கு நேராக. 12 வோல்ட்டில் நேராக ஓடும் 50 லிட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ். விலை கடிக்கும், ஆனால் மொத்த வேலையில் அதிகம் பலன் தந்தது அதுதான். விளக்கும் யூஎஸ்பியும் நேராக 12-ல். மிக்ஸிக்கும் டேபிள்டாப் கிரைண்டருக்கும் மட்டும் பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் (வீட்டுக் கரன்ட் போலவே சீரான அலை தருவது), கதவருகே சுவிட்சோடு. அரைத்து முடித்ததும் அணைத்துவிட வேண்டும். மிக்ஸியை நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். ஐந்து நிமிடம் ஓடினால் ஐந்து ஆம்பியர் மணிகூட ஆகாது. சத்தம் போடாமல் நாள் முழுக்க ஓடுவதுதான் பேட்டரியைக் காலி பண்ணும்.

புதுச் செலவு நாளுக்கு 67 ஆம்பியர் மணி. 143 எங்கே!

அதே பேனலுக்கு எம்பிபிடி போட்டோம். 50 வோல்ட் வரை தாங்கும் மாடல் மலிவாகக் கிடைத்தது, வேண்டாம் என்றேன். சுமை இல்லாதபோது அந்த பேனல் 46 வோல்ட் காட்டும். குளிர்ந்தால் பேனலின் வோல்ட் ஏறும். ஊட்டியில் ஐந்து டிகிரி விடியலில் 49-ஐ நெருங்கும். 100 வோல்ட் மாடலாக வாங்கினோம். பகல் பன்னிரண்டுக்கு இப்போது 18 ஆம்பியருக்கு மேல் வருகிறது. பேனல் சுடச் சுடத் திறன் இறங்கும் என்பதால், கூரையிலிருந்து நாலு விரல் உயர்த்திக் காற்றோட்டம் விட்டோம்.

ரிலேயை எடுத்துவிட்டு 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், 16 ஸ்கொயர் ஒயர். முன்பக்கம் எவ்வளவு வந்தாலும் பின்பக்கம் தேவையான வோல்ட்டை அது உயர்த்திக் கொடுக்கும். ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும் புது வண்டிகளில் இது இல்லாமல் முடியாது. இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு இரண்டடிக்குள் கொண்டுவந்து 25 ஸ்கொயர். ஃபியூஸ் ஒரு சாணுக்குள். இந்த வேலையிலேயே குறைந்த செலவு ஒயரும் லக்கும்தான்.

பேட்டரி? 150 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ஒன்று. நூறு கிலோவுக்கு மேல் இருந்த இடத்தில் இப்போது இருபது கிலோகூட இல்லை. ஈயமே போட்டிருந்தாலும் இந்த மாற்றங்களோடு ஓடியிருக்கும் என்பதுதான் உண்மை. அரைகுறை சார்ஜில் கிடந்தாலும் கெடாது என்பதற்காக லித்தியத்தைத் தேர்ந்தெடுத்தேன். கன்ட்ரோலரில் ஈக்வலைஸ் என்றிருப்பதை மறக்காமல் அணைத்தேன். அது 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும், ஈயத்துக்கு மருந்து, லித்தியத்துக்கு ஆகாது. சார்ஜை 14.2 வோல்ட்டில் நிறுத்தி, நிறைந்த பிறகு 13.5-ல் நிற்கவிட்டேன்.

நான் செய்த தப்பு

ஆடி மாதம் வால்பாறை போனார்கள். நாற்பது கொண்டை ஊசி ஏறி, மூன்று நாள் மழைக்குள் நின்றார்கள். மூன்றாம் நாள் காலை எல்லாம் அணைந்தது. ஆனால் பேட்டரி மானிட்டர் 38 சதவீதம் என்றது.

லித்தியத்தில் வோல்ட்டை வைத்து மிச்சத்தைச் சொல்ல முடியாது. நிறைந்ததிலிருந்து காலி வரை பெரும்பகுதி 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். அதனால் மைனஸ் வழியில் ஷன்ட் (ஓடும் ஆம்பியரை அளக்க உதவும் சின்னத் தடை) ஒன்றை வைத்து, போவதையும் வருவதையும் எண்ணுகிற மானிட்டர் போட்டிருந்தேன். ஃப்ரிட்ஜின் மைனஸை மட்டும் அவசரத்தில் ஷன்ட்டைத் தாண்டி நேராகப் பேட்டரியில் முறுக்கியிருக்கிறேன். வண்டியிலேயே பெரிய செலவாளி கணக்கிலேயே வரவில்லை. காலியானதும் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) தன்னைத் துண்டித்துக்கொண்டது. பேட்டரி வோல்ட் தெரியாததால் எம்பிபிடியும் எழவில்லை. வெயில் வந்த பிறகும் அப்படியே கிடந்தது. போனில் சொல்லிச் சொல்லி, என்ஜினை ஓடவிட்டு டிசி-டிசி வழியாக எழுப்பினோம்.

ஃப்ரிட்ஜின் மைனஸை ஷன்ட்டுக்கு மறுபக்கம் மாற்றினேன். 12 வோல்ட்டுக்கு வந்ததும் சுமைகளை மட்டும் துண்டிக்கும் ஒரு கட்-ஆஃப் போட்டேன். பிஎம்எஸ் வரை போகவே விடக் கூடாது. "லைன் கிளியர் குடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ பாக்கணும்னு எங்க ஃபோர்மேன் சொல்வாரு" என்றார் சித்தப்பா. அன்றைக்கு அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டேன்.

பழைய டியூபுலரில் தேறியது ஒன்று. மெதுவாக முழு சார்ஜ் ஏற்றியதில் ஓரளவு மீண்டது. இப்போது அவர்கள் மாட்டுக் கொட்டகையில் ஒரு விளக்கும் ஒரு ஃபேனும் அதில் ஓடுகின்றன.

சென்ற மாதம் சித்தி கேட்டார்: "ஏன் கண்ணு, இவ்வளவு நல்லா ஓடுதே, ஒரு இன்டக்ஷன் அடுப்பு வச்சுக்கலாமா?" நான் வாய் திறப்பதற்குள் சித்தப்பா காகிதத்தை எடுத்துவிட்டார். 1,800 வாட், வகுத்தல் 12, இன்வெர்ட்டர் இழப்பு சேர்த்து 175 ஆம்பியர். ஃபியூஸ் 100. காகிதத்தை சித்தியிடம் நீட்டினார். சித்தி அதைப் பார்க்காமலே கேஸ் அடுப்பைப் பற்றவைத்தார்.